நாணய அளவில் வாங்கிய ஆமை தட்டு அளவுக்கு வளர்ந்தால்? - வீட்டுக் குளம் அமைப்பது எப்படி?

கடையில் பார்க்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தீற்று, பிளாஸ்டிக் டப்பாவின் சுவரில் வழுக்கி வழுக்கி ஏறப் பார்க்கும் நாலு குட்டிக் கால்கள். குழந்தை அடம்பிடிக்கிறது, அப்பா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். "இது இவ்வளவுதாங்க வளரும், பெருசாகாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பிவிடுகிறோம்.

மூன்று வருஷத்தில் அது உள்ளங்கையை நிறைத்துவிடும். பெண் ஆமை என்றால் ஓடு மட்டுமே 25 முதல் 30 செ.மீ. வரை போகும். சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்குள் கண்ணாடித் தொட்டி போதாமல் போயிருக்கும். தண்ணீர் இரண்டே நாளில் நாறும். மாற்றி மாற்றி அலுத்துப்போய், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் போட்டு எடுத்துச் சென்று, பக்கத்துக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிட்டு, "பாவம், சுதந்திரமா இருக்கட்டும்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் இருந்த ஒரு ஆமையின் பிரச்சினை, ஒரு நீர்நிலையின் பிரச்சினையாகிவிடுகிறது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு: வெளியில் ஒரு சின்னக் குளம். ஆனால், பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றினால் அது குளம் ஆகிவிடாது. வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற மாதிரி, ஆமை வெளியே போகாத மாதிரி அதைக் கட்ட வேண்டும்.

முதலில், இது எந்த ஆமை?

குளத்துக்கு அளவெடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைகளில் அதிகம் விற்கப்படும் அந்தச் சிவப்புத் தீற்று ஆமையின் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். தமிழில் சிவப்புக் காது ஆமை எனலாம். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பகுதிகளும். இது நன்னீர் ஆமை. நீந்தவும் வேண்டும், கரையேறி வெயில் காயவும் வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் குளம் இந்த ஆமைக்கானது.

நம் ஊர் ஆமைகளின் கதை வேறு. நட்சத்திர ஆமை, குளம் குட்டைகளில் காணப்படும் பால் ஆமை ஆகியவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். "வயல்ல கிடைச்சுது, பாவம்னு எடுத்துட்டு வந்தோம்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. அப்படி ஒன்று கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. இன்னொன்று, நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, அதற்கு நீந்தத் தெரியாது. 'காப்பாற்றுகிறோம்' என்று கிணற்றிலோ குளத்திலோ போட்டால் மூழ்கி இறந்துவிடும்.

வெளிநாட்டு உயிரினங்களுக்கும் விதிகள் வந்துவிட்டன. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வெளியான விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஆமை எந்த வகை, பதிவு தேவையா என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

எவ்வளவு பெரிய குளம் வேண்டும்?

ஆமை வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. ஓட்டின் நீளம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் தண்ணீர். 11 அங்குல ஆமைக்கு 400 லிட்டருக்கும் மேல் ஆகிறது. இது குறைந்தபட்சம்தான். வெளியில் கட்டும் குளத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் நல்லது. காரணம், தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் அழுக்காகும்.

வளர்ந்த இரண்டு ஆமைகளுக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். உள்ளளவு 8 அடி நீளம், 5 அடி அகலம். அதில் 6 அடி நீளத்துக்குத் தண்ணீர், மீதி 2 அடி நீளத்துக்கு மண் கரை. தண்ணீரின் ஆழம் இரண்டரை அடி. கணக்குப் போட்டால் சுமார் 2,100 லிட்டர் வருகிறது.

"மொட்டை மாடியில் கட்டலாமா?" என்பது பலர் கேட்கும் கேள்வி. இரண்டரை அடி ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 760 கிலோ எடையை ஏற்றும். மனிதர்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணய விதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஐந்து மடங்கு வித்தியாசம். கட்டுமானப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் மாடியில் குளம் என்ற யோசனையையே எடுக்க வேண்டாம். தரைதான் சரி.

பாதி உள்ளே, பாதி வெளியே

முழுக்கத் தரைக்குள் புதைந்த குளம் பார்க்க அழகாக இருக்கும். சென்னை போன்ற ஊரில் அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மழை வந்து தெருத் தண்ணீர் வாசலுக்குள் புகுந்தால் முதலில் நிரம்புவது அதுதான். நிலத்தடி நீர் மேலே வரும் தாழ்வான பகுதிகளில், சுத்தம் செய்யக் காலியாக்கும்போது நீர் அடியிலிருந்து அழுத்தித் தொட்டியில் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

அதனால் 4 அடி உயரச் சுவர் எழுப்பி, 2 அடி தரைக்குள்ளும் 2 அடி தரைக்கு மேலும் இருக்கும்படி கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும். தண்ணீர் இரண்டரை அடி நின்றாலும் மேலே ஒன்றரை அடி சுவர் மிச்சம் இருக்கும். அந்த ஒன்றரை அடிதான் ஆமைக்கு வேலி.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அடியில் கான்கிரீட், உள்பக்கம் நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்த பூச்சு. கொத்தனாருக்கு இது தண்ணீர்த் தொட்டி கட்டுவது போன்ற வேலைதான். ஆனால் மூன்று விஷயங்களை அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, தரை ஒரு மூலையை நோக்கிச் சற்றுச் சரிய வேண்டும். அந்த மூலையில் அடைப்பான் வைத்த வடிகால் குழாய், அதன் வாயில் கம்பிச் சல்லடை. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வாளியால்தான் இறைக்க வேண்டும்.

இரண்டு, தண்ணீரிலிருந்து மண் கரைக்கு ஏற ஒரு சரிவுப் பாதை. வழவழப்பாகப் பூசக் கூடாது, சொரசொரப்பாக இருந்தால்தான் நகம் பிடித்து ஏற முடியும்.

மூன்று, சுவரின் மேல் விளிம்பு உள்பக்கமாக நாலு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆமை மெதுவாக நடக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் முதுகைக் கொடுத்து, காலை உதைத்து ஏறிவிடும்.

செங்கல் வேலைக்குச் செலவு அதிகம் என்பவர்கள், பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் தடித்த பாலித்தீன் விரிப்பைப் பயன்படுத்தலாம். மெல்லியதை வாங்கினால் ஆமையின் நகம் கிழித்துவிடும். குறைந்தது 500 மைக்ரான் தடிமன் வேண்டும். அதற்கும் சுற்றிலும் வேலிச் சுவர் அவசியம்.

அடியில் கூழாங்கல் போட்டு அழகு பார்க்க வேண்டாம். சின்னக் கற்களை ஆமை விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும். அடி வெறுமையாக இருந்தால் சுத்தம் செய்வதும் சுலபம்.

கட்டியவுடன் ஆமையை விடலாமா?

கூடாது. புது சிமென்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் காரமாக்கிவிடும். ஆமையின் கண்ணும் தோலும் பாதிக்கப்படும். பூச்சு நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகு தொட்டியை நிரப்பி, சில நாள் விட்டு, முழுவதும் வடிக்க வேண்டும். இதையே மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் பி.எச். சோதனைத் தாளில் பார்த்து, 8-க்குக் கீழே வந்த பிறகு ஆமையை விடலாம்.

மாநகராட்சிக் குடிநீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றினால் போதும். அது ஆமையைவிட ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்குத்தான் ஆகாது.

வெயில் வேண்டும், வெந்நீர் வேண்டாம்

ஆமை தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்கிறது, தண்ணீரில் இறங்கித் தணித்துக்கொள்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் உணவில் உள்ள கால்சியம் ஓட்டுக்குப் போய்ச் சேரும். வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் பல வருஷம் கிடக்கும் ஆமைகளுக்கு ஓடு மென்மையாகி, கோணலாக வளர்வதற்கு முக்கியக் காரணம் இந்தக் கதிர் கிடைக்காததுதான். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெளிக்குளத்தின் பெரிய லாபமே இதுதான்: விலை உயர்ந்த விளக்கு செய்ய வேண்டிய வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்துவிடுகிறது.

அதனால் காலை வெயில் நாலு மணி நேரமாவது விழும் இடமாகப் பார்க்க வேண்டும். வெயில் காயும் மேடை தண்ணீருக்கு மேலே, முழுக்க உலர்ந்து இருக்க வேண்டும். மரத்துண்டு, செங்கல், ஓடு எதுவானாலும் சரி. கருங்கல், இரும்புத் தகடு வேண்டாம், மே மாதத்தில் தோசைக்கல் ஆகிவிடும்.

அதே சமயம், வெயில் மட்டுமே விழும் குளமும் ஆபத்து. இந்த ஆமைக்குத் தோதான தண்ணீர் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 35-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு அடி ஆழத் தொட்டி மத்தியானத்துக்குள் வெந்நீர் ஆகிவிடும். ஆமைக்குத் தப்பிக்க இடமே இருக்காது. இரண்டரை அடி ஆழம் கேட்பதற்குக் காரணம் இதுதான். கூடவே, குளத்தின் பாதிக்கு மேல் பச்சை நிழல் வலை கட்டிவிட வேண்டும். பாதி வெயில், பாதி நிழல். எங்கே இருப்பது என்பதை ஆமையே தீர்மானித்துக்கொள்ளும். மிதக்கும் வெப்பமானி ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைத்து, மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் நிலைமை தலைகீழ். அங்கே பனிக்காலத்தில் வெளிக்குளம் ஒத்துவராது. வீட்டுக்குள் ஹீட்டர் வைத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

தண்ணீர் ஏன் நாறுகிறது?

ஆமை தண்ணீரில்தான் சாப்பிடும், தண்ணீரில்தான் கழிக்கும். கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது நச்சு. இயற்கைக் குளத்தில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். நம் குளத்திலும் இதே வேலையை நடத்திக்கொடுப்பதுதான் ஃபில்டர்.

இதற்கு விலை கூடிய கருவிதான் வேண்டும் என்றில்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பேரல், அதற்குள் கீழே முரட்டு ஸ்பாஞ்ச், மேலே ஜல்லி அல்லது உடைந்த ஓட்டுத் துண்டுகள். பம்ப் குளத்துத் தண்ணீரை இழுத்து இதன் வழியாக அனுப்பும். வெளியே வரும் தண்ணீர் இன்னொரு ஆழமில்லாத தொட்டியில் நட்ட கல்வாழை, வெட்டிவேர் வழியாக ஓடி மறுபடி குளத்தில் விழும். ஆமை அந்தச் செடிகளை எட்டாதபடி வைக்க வேண்டும். எட்டினால் ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும்.

2,100 லிட்டர் குளத்துக்கு மணிக்குச் சுமார் 2,000 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 58 யூனிட் ஆகும். பம்ப் உறிஞ்சும் வாயில் கம்பி வலை கட்டாயம், இல்லாவிட்டால் ஆமையின் கால் மாட்டிக்கொள்ளும். வெளியில், தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இல்லாமல் இணைப்பு தரக் கூடாது. குளத்தில் கையை விடும் முன் சுவிட்சை அணைப்பது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும்.

பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பதற வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் பாக்டீரியா எல்லாம் போய்விடும். குளத்துத் தண்ணீரிலேயே அலசிப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்? வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் சுமார் 420 லிட்டர். இது போக, கோடையில் ஒரு நாளைக்கு 7 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் தினமும் 20 லிட்டர், ஒரு குடத்துக்குச் சற்று அதிகம். செடி ஃபில்டர் நன்றாக வேரூன்றிவிட்டால் மாற்றும் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். வடிக்கும் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் அருமையான உரம். கீரைப் பாத்திக்கும், பச்சையாகச் சாப்பிடும் காய்களுக்கும் மட்டும் ஊற்ற வேண்டாம். காரணம் கீழே.

கொசு, காகம், குழந்தை

தேங்கிய தண்ணீர் என்றாலே டெங்கு பயம் வரும். நியாயம்தான். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருக்கும், கொசு முட்டையிடத் தயங்கும். சுழற்சி எட்டாத மூலைகள், செடித் தொட்டிகளில் கப்பி மீன் விடலாம். குளத்தில் விடுபவற்றில் சிலவற்றை ஆமை தின்றுவிடும், மீதி பெருகிக்கொள்ளும். கொசு மருந்து, எண்ணெய் எதையும் குளத்தில் ஊற்றக் கூடாது.

குட்டி ஆமைக்குக் காகம், பூனை, பெருச்சாளி, கீரி எல்லாமே எதிரிகள். ஓடு 10 செ.மீ. தாண்டும் வரை வெளியில் விடாமல் இருப்பது பாதுகாப்பு. வளர்ந்த பிறகும் குளத்தின் மேல் இரும்புக் கம்பி வலை போட்ட மூடி வேண்டும். வெயில் அதன் வழியே இறங்கும், பிராணிகள் இறங்காது. இந்த மூடிக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தரைக்கு மேல் 2 அடிச் சுவர் ஒரு சின்னக் குழந்தையைத் தடுக்காது. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தவழும், நடக்கும் குழந்தைகள் இருந்தால் மூடிக்குப் பூட்டும் போட்டுவிட வேண்டும்.

ஆமையின் உடம்பிலும் அது வாழும் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமை ஆரோக்கியமாகத்தான் தெரியும், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோய் வாங்கிக்கொண்டதால்தான், 1975-ல் அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமையையோ ஃபில்டரையோ கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

என்ன கொடுக்கலாம்?

குட்டியாக இருக்கும்போது புரதம் அதிகம் வேண்டும், தினமும் உணவு. வளர்ந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், அதிலும் பெரும்பங்கு இலை தழைதான். ஆமைக்கான உருண்டைத் தீவனம் கொஞ்சம், துருவிய கேரட், பூசணி, கீரை, நீர்ச் செடிகள். ஆகாயத்தாமரையை விரும்பித் தின்னும். ஆனால் மிஞ்சியதை வெளியே எந்த நீர்நிலையிலும் வீசக் கூடாது. பாலக்கீரையை அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு, பிஸ்கட், ரொட்டி கூடவே கூடாது.

கால்சியத்துக்கு ஒரு சுலப வழி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை. கணவாயின் உள் ஓடுதான் அது. ஒரு துண்டை மிதக்க விட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டையிடும். மண் கரையில் ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து போட்டிருக்க வேண்டியது இதற்காகத்தான். தோண்ட இடமில்லாமல் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்தால் ஆமை இறந்துகூடப் போகலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தால் முட்டைகள் பொரியும். முன்னங்கால் நகம் நீளமாகவும் வால் தடிமனாகவும் இருந்தால் ஆண். ஒரு தடவைக்குப் பத்துக்கும் மேல் முட்டைகள், வருஷத்துக்குச் சில தடவை. அத்தனை குட்டிகளுக்கும் வீடு தேட முடியாது. அதனால் முட்டைகளைக் கண்டதுமே எடுத்து உறைய வைத்து அப்புறப்படுத்துவதுதான் பொறுப்பு.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி, வீங்கி மூடிய கண், ஓட்டில் மென்மை அல்லது துர்நாற்றம்: இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பளபளப்புக்காக ஓட்டில் எண்ணெய் தடவுவதும் பெயின்ட் அடிப்பதும் கெடுதல்தான்.

மழைக்காலம்தான் உண்மையான தேர்வு

குளம் நன்றாகக் கட்டப்பட்டதா என்பது மே மாதத்தில் பாதி தெரியும், மீதி டிசம்பரில் தெரியும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல வீடுகளுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. அப்படி ஒரு நாளில் ஆமை சுவரைத் தாண்ட ஏற வேண்டியதில்லை, மிதந்தே போய்விடும். தெருவிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் கடைசியிலேயே மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். குளத்து நீர்மட்டத்தை அரை அடி குறைப்பது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிரம்பி வழியும் குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டியிருக்கிறதா, இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. மூடியின் கீலும் கொக்கியும் துருப்பிடித்திருந்தால் மாற்றுவது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் யோசிக்க வேண்டாம். மூடி போட்ட, காற்றுத் துளையுள்ள பெரிய டப்பில் ஆமையை வீட்டுக்குள், முடிந்தால் மாடிக்கு எடுத்துச் சென்றுவிட வேண்டும். அடியில் கொஞ்சம் தண்ணீரோடு இரண்டு மூன்று நாள் அதில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஒரு ஆமை வெளியே போனால் என்ன ஆகிவிடும்?

உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. 1980-களின் கடைசியில் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் கார்ட்டூன் வந்தபோது உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆமை கேட்டார்கள், குட்டிகள் லட்சக்கணக்கில் விற்றன. அவை வளர்ந்ததும் ஊர் ஊராக ஆறு, குளங்களில் விடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இதன் இறக்குமதியையே நிறுத்தியது.

பக்கத்து மாநிலத்துக்கும் இது வந்துவிட்டது. கேரளத்தின் திருச்சூரில் 2018-ல் ஒரு கால்வாயில் இந்த ஆமை கண்டறியப்பட்டது. அதன் பிறகு பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், இதை நீர்நிலைகளில் விடாதீர்கள் என்று மக்களிடம் பிரசாரத்தில் இறங்கியது.

இது நம் ஊர் ஆமைகளைக் கடித்துக் கொல்வதில்லை. அவை வெயில் காயும் பாறையையும் மரக்கட்டையையும் பிடித்துக்கொள்கிறது. தவளைக் குஞ்சு, மீன் குஞ்சு, நீர்ச் செடி என எல்லாவற்றையும் தின்கிறது. நோய்க் கிருமிகளைக் கொண்டுபோகிறது. பால் ஆமையைச் சட்டம் போட்டுக் காப்பாற்றிக்கொண்டே, அதன் குளத்தில் அதற்குப் போட்டியை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

கோயில் குளத்தில் விடுவது புண்ணியம் என்ற நம்பிக்கையோடு செய்பவர்களும் உண்டு. தீவனத்துக்குப் பழகிய ஆமை அங்கே பட்டினியில் சாகலாம். பிழைத்துக்கொண்டால் குளத்துக்குக் கேடு. இரண்டில் எதுவும் புண்ணியக் கணக்கில் சேராது.

வளர்க்க முடியவில்லை என்றால்?

நீர்நிலையில் விடுவதைத் தவிர எல்லா வழிகளையும் பார்க்கலாம். ஏற்கெனவே குளம் வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுக்கலாம். கால்நடை மருத்துவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ விசாரிக்கலாம். வனத்துறையிடம் கேட்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வழி கிடைக்கும்.

இன்னும் வாங்கவில்லை, வாங்கலாமா என்ற யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. நன்றாகப் பராமரித்தால் இந்த ஆமை 30 ஆண்டுகள்கூட வாழும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக இன்று வாங்கினால், அவளுக்கு நாற்பது வயது ஆகும்போதும் அது வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வீடு மாறும்போது, அவள் வெளியூர் போகும்போது, ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால், கொத்தனாரைக் கூப்பிடலாம். இல்லை என்றால், கடையில் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, வாங்காமலேயே வந்துவிடலாம்.